லே நகருக்கு வந்தவர்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், சிந்து நதிக்குச் சற்று வடக்கே அமைந்துள்ளது லடாக்கின் பழைய தலைநகரான லே. இந்நகரைப் பற்றிய பயண வரலாறுகள் பெரும்பாலும் ஒரே முறையில் எழுதப்பட்டு வந்துள்ளன. எந்த ஐரோப்பியர் எந்த ஆண்டில் எந்தக் கணவாயைக் கடந்து வந்தார், எத்தனை நாள் தங்கினார், எதைக் கண்டு வியந்தார் என்ற பெயர்ப்பட்டியல் அது. அப்பட்டியலிடம் ஓர் எளிய கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். வந்தவர் இங்கே எந்த மொழியில் பேசினார்? அவருக்குத் தெரியாத மொழியை அவருக்காகப் பேசியவர் யார்?

இக்கேள்வியைக் கேட்டவுடன் பட்டியலில் இல்லாத பலர் முன்னே வருகின்றனர். பாரசீகம் அறிந்த எழுத்தர், துருக்கி மொழி பேசிய குதிரைக்காரர், இலக்கணம் கற்பித்த துறவி, வணிகக் குடும்பத்துத் துபாஷி எனப் பலர் இல்லாமல் லேவைப் பற்றிய எந்த நூலும் எழுதப்பட்டிருக்க முடியாது. அவர்களுள் மிகச் சிலரின் பெயர்களே ஏட்டில் நின்றன. உயரமான ஒரு மலை நகருக்குச் செல்வது என்றால் என்ன என்பதை அவர்கள் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்சந்தியில் ஓர் ஊர்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இன்று லே பயணத்தின் முடிவிடமாகக் கருதப்படுகிறது. சில நூற்றாண்டுகளுக்கு அது வழியில் உள்ள ஊராகவே இருந்தது. மேற்கே ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா கணவாய் வழியாக ஒரு பாதை வந்தது. தெற்கே குல்லு, லாஹௌல் பகுதிகளிலிருந்து மற்றொன்று. கிழக்கே சாங்தாங் மேட்டுநிலம் கடந்து லாசாவுக்கு ஒன்று. வடக்கே கர்துங் லா, சாசெர் லா, அதற்கப்பால் 5,500 மீட்டருக்கும் மேலான காரகோரம் கணவாய் ஆகியவற்றைத் தாண்டி யார்க்கந்துக்கு ஒன்று. ‘லா’ என்றால் திபெத்தியக் குடும்ப மொழிகளில் கணவாய். லடாக் என்னும் பெயருக்கே கணவாய்களின் நாடு என்றுதான் பொதுவாகப் பொருள் சொல்லப்படுகிறது. பனி இக்கணவாய்களை அடைத்துவிட்டால், வந்த வணிகர் அடுத்த பருவம் வரை லேயில் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வூரின் செல்வத்துக்கு ஒரு முக்கிய அடிப்படை பஷ்மினா ஆட்டின் மென்மயிர். 1679 முதல் 1684 வரை நடந்த போருக்குப் பின் ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்தின் மென்மயிர் லடாக் வழியாகவே காஷ்மீருக்குச் செல்லும் என்ற ஏற்பாட்டை உறுதிசெய்தது. லாசாவுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை லேயிலிருந்து ‘லோப்சாக்’ என்னும் தூதுக்குழு சென்றுவந்ததும் இவ்வுடன்படிக்கையோடு தொடர்புடையது. பௌத்த அரசிடமிருந்து பௌத்தத் தலைநகருக்குக் காணிக்கை கொண்டு சென்ற அக்குழுவைப் பெரும்பாலும் நடத்திச் சென்றோர் லேயின் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். காஷ்மீரிலிருந்து வந்து லேயில் நிலைத்த அக்குடும்பங்கள் லடாக்கி, திபெத்தியம், பாரசீகம், காஷ்மீரி, துருக்கி என்று பல மொழிகளுக்கிடையே வாழ்ந்தன. மத்திய ஆசிய வணிகருக்கும் லடாக்கிப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் ‘அர்கோன்’ எனப்பட்டனர். சரக்குக் குதிரைகளை நடத்திச் செல்வதில் அவர்கள் பெயர் பெற்றனர்.

17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்க்யால் எழுப்பிய ஒன்பது நிலை அரண்மனை இன்றும் கடைத்தெருவுக்கு மேலே நிற்கிறது. அதன் அடிவாரத்திலேயே அந்நூற்றாண்டில் எழுந்த ஜாமா மசூதியும் நிற்கிறது. இவ்வூரில் பல மொழி அறிவது கற்றோரின் ஆடம்பரமாக இருக்கவில்லை. பிழைப்புக்கான தொழிற்கருவியாக இருந்தது.

மூச்சைப் பற்றும் நோய்

லடாக்கைப் பற்றி விரிவாக எழுதிய முற்காலப் பயணிகளுள் ஒருவர் ஐரோப்பியரல்லர். காஷ்கரின் ஆட்சியாளர் சுல்தான் சயீத் கானின் படையோடு 1532இல் இங்கு வந்த மிர்சா முகம்மது ஹைதர் துக்லத் அவர். படைத்தலைவராக வந்த அவர் பின்னாளில் காஷ்மீரை ஆண்டார். பாரசீகத்தில் ‘தாரீக்கே ரஷீதி’ என்னும் வரலாற்றை எழுதினார்.

அந்நூலில் இந்நிலத்துக்குரிய ஒரு நோயை அவர் ‘தம்கிரி’ என்று குறிப்பிடுகிறார். பாரசீகத்தில் ‘தம்’ என்றால் மூச்சு. ‘கிரி’ என்பது பற்றுதல். பெருஞ்சுமையோடு செங்குத்தான மேட்டில் ஓடியவனைப்போல் இளைப்பு உண்டாவதையும், உறக்கம் வராமல் வந்தாலும் திடுக்கிட்டு விழிப்பதையும், நோய் முற்றினால் அறிவு தடுமாறிப் பேச்சே நின்றுபோவதையும், கை கால்கள் வீங்குவதையும் அவர் விவரிக்கிறார். உள்ளூராருக்கு இந்நோய் தெரியாது என்பதையும், வெளியிலிருந்து வந்த குதிரைகளையும் இது தாக்குகிறது என்பதையும் கவனித்திருக்கிறார். இன்றைய மருத்துவர் எவரும் இவ்விவரணையில் உயர்மலை நோயின் அறிகுறிகளை எளிதில் அடையாளம் காண்பார். அந்நோயே சுல்தான் சயீத் கானின் உயிரையும் 1533இல் காஷ்கருக்குத் திரும்பும் வழியில் பறித்தது.

வந்தவரின் உடல் தோற்ற இடத்தில் உள்ளூராரின் உடல் இயல்பாக இயங்கியது என்ற இச்செய்தி பிந்தைய பயண நூல்கள் அனைத்துக்கும் பின்னணியாக உள்ளது. சுமை தூக்கியவர், பாதை காட்டியவர், சமைத்தவர் அனைவரும் உள்ளூராராகவே இருந்ததற்கு இது ஒரு காரணம். இவ்வழிகளின் இடப்பெயர்களிலும் அதன் தடம் உண்டு. காரகோரம் கணவாய்க்குத் தெற்கே உள்ள தங்குமிடத்துக்குத் தௌலத் பேக் ஓல்தி என்று பெயர். துருக்கி மொழியில் அதற்குத் தௌலத் பேக் இறந்தான் என்று பொருள். ஒரு முழு வாக்கியம் அங்கே இடப்பெயராக நிலைத்துவிட்டது.

நாற்பது நாள் நடை

1715ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரீநகரிலிருந்து இரண்டு இயேசு சபைத் துறவியர் புறப்பட்டனர். ஒருவர் இத்தாலியரான இப்போலித்தோ தெசிதேரி, மற்றவர் போர்த்துக்கீசியரான மனுவேல் ஃபிரெய்ரே. முந்தைய குளிர்காலம் முழுவதும் பனி வழிவிடாததால் அவர்கள் ஸ்ரீநகரில் காத்திருந்தனர். அக்காலத்தில் தெசிதேரி பாரசீகம் கற்பதில் ஈடுபட்டார். கணவாய் திறந்ததும் நடந்தே சென்று, ஏறத்தாழ நாற்பது நாள்களில், ஜூன் இறுதியில் லேயை அடைந்தனர்.

தெசிதேரி லேயிலேயே தங்க விரும்பினார். அரசரும் அவையோரும் அவரை நன்கு வரவேற்றிருந்தனர். ஃபிரெய்ரே அந்தக் குளிரையும் வந்த வழியையும் மீண்டும் எதிர்கொள்ள அஞ்சினார். கிழக்கே லாசா வழியாக இந்தியாவுக்கு இறங்கலாம் என்று கேள்விப்பட்டு அவ்வழியை வற்புறுத்தினார். ஆகஸ்டு நடுவில் இருவரும் லேயை விட்டனர். எல்லைப் பகுதியை ஆண்ட ஒரு மங்கோலியப் பெண் அதிகாரியின் பயணக் கூட்டத்தில் சேர்ந்ததால்தான் உயிர் பிழைத்து, 1716 மார்ச்சில் லாசாவை அடைந்தனர்.

பின்னர் லாசாவில் தெசிதேரி திபெத்தியத்தை ஆழமாகக் கற்று அம்மொழியிலேயே சமய வாத நூல்களை எழுதினார். அவர் லேயில் இருந்தது இரண்டு மாதங்களுக்கும் குறைவு. லாசாப் பகுதியில் இருந்தது ஐந்தாண்டுகள். லடாக்கைப் பற்றி அவர் எழுதியவை சில பக்கங்களே. மத்தியத் திபெத்தைப் பற்றி எழுதியது ஒரு பெருநூல். ஓர் ஊரை எத்தனை பக்கம் எழுதலாம் என்பதை அங்கே மொழி கற்கக் கிடைத்த காலம் தீர்மானித்தது என்று சொல்வது மிகையாகாது.

முன்னே சென்ற மீர்

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1820 செப்டம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக் கண்காணிப்பாளர் வில்லியம் மூர்கிராஃப்ட் லே வந்து சேர்ந்தார். கால்நடை மருத்துவரான அவர் புகாராவின் உயர்வகைக் குதிரைகளை வாங்கச் செல்வதாகப் புறப்பட்டவர். யார்க்கந்து செல்ல அனுமதி கிடைக்காமல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் லடாக்கில் தங்க நேர்ந்தது. அக்காலத்தில் கண்புரை நோயாளிகளுக்கு அறுவை செய்தார். மென்மயிர் வணிகம், தீவனப் பயிர்கள், ஆட்சி முறை அனைத்தையும் குறித்துக்கொண்டார். 1821இல் லடாக்கோடு ஒரு வணிக உடன்பாடும் செய்துகொண்டார். அவர் மறைவுக்குப் பின் 1841இல் வெளிவந்த பயண நூல், டோக்ரா படையெடுப்புக்கு முந்தைய லடாக்கை அறிய இன்றும் இன்றியமையாத சான்று.

ஆனால் மூர்கிராஃப்டுக்கு எட்டாண்டு முன்னரே, 1812இல், லே வழியாக யார்க்கந்து, காஷ்கர், சமர்கந்து, புகாரா வரை சென்று மீண்ட ஒருவர் இருந்தார். அவர் மீர் இஸ்ஸத்துல்லா. மூர்கிராஃப்டுக்காக வழியைச் சோதித்துவர அனுப்பப்பட்டவர் அவர். தம் பயணத்தைப் பாரசீகத்தில் எழுதினார். அது பின்னர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. 1820இல் மூர்கிராஃப்டோடும் ஜார்ஜ் ட்ரெபெக்கோடும் அவர் மீண்டும் புறப்பட்டார். லே அவையோடு நடந்த பேச்சுகளில் அவருடைய பாரசீகத்துக்குப் பெரும் பங்குண்டு. மூர்கிராஃப்ட் சென்று சேர விரும்பிய நகரங்களை அவருடைய ஊழியர் முன்பே பார்த்து முடித்திருந்தார் என்பது, ‘முதலில் சென்றவர் யார்’ என்ற கேள்வி எவ்வளவு உறுதியற்றது என்பதைக் காட்டுகிறது. அப்பயணத்திலிருந்து மூவருமே உயிரோடு திரும்பவில்லை.

முகப்புப் பக்கத்தில் ஒரு துறவி

மூர்கிராஃப்ட் லடாக்கில் இருந்தபோதுதான், 1822 ஜூலையில், திராஸ் அருகே ஒரு ஹங்கேரிய அறிஞரைச் சந்தித்தார். திரான்சில்வேனியாவிலிருந்து பெரும்பகுதி நடந்தே வந்த சாண்டோர் கொரொசி சோமா அவர். ஹங்கேரியரின் பூர்வீகத்தை மத்திய ஆசியாவில் தேடப் புறப்பட்டவர். லே வரை வந்தும் யார்க்கந்துப் பாதையில் செல்ல இயலாமல் திரும்பிக்கொண்டிருந்தார். உரோமில் 1762இல் அச்சான ஜார்ஜியின் திபெத்திய எழுத்து நூலை மூர்கிராஃப்ட் அவருக்குக் கொடுத்தார். பூர்வீகம் தேடி வந்தவரின் பாதை அந்நூலால் மாறியது.

லேயில் ஒரு விநோதமான மொழிபெயர்ப்பும் நடந்தது. ரஞ்சித் சிங்குக்கு எழுதப்பட்ட ஒரு ரஷ்யக் கடிதம், அதைக் கொண்டுவந்தவர் வழியில் இறந்ததால் லடாக்கில் தங்கிவிட்டது. சோமா அதை மூர்கிராஃப்டுக்காக இலத்தீனில் பெயர்த்துக் கொடுத்தார். பாரசீகம், திபெத்தியம், துருக்கி, ரஷ்யம், இலத்தீன் ஆகியவை ஒரு சிறு மலை நகரில் ஒரே பருவத்தில் சந்தித்துக்கொண்டன.

1823 ஜூன் முதல் 1824 அக்டோபர் வரை சோமா சான்ஸ்கரின் சாங்லாவில் தங்கித் திபெத்தியம் கற்றார். கற்பித்தவர் சங்ஸ்க்யே புன்ட்சோக் என்னும் பெயருடைய லாமா. இருவருக்கும் தொடக்கத்தில் பாலமாக இருந்தது பாரசீகம். நெருப்பு மூட்ட வசதியற்ற சிறு அறையில், பனி சூழ்ந்த மாதங்களில் இருவரும் நூல்களைப் படித்தனர் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அதைவிடக் குறைவாகச் சொல்லப்படுவது வேறொன்று. சோமா கேட்ட கேள்விகளுக்கு விடையாக அந்த லாமாவும் வேறு இரு கற்றோரும் திபெத்தியத்தில் தனி நூல்களே எழுதிக் கொடுத்தனர். அலெக்சாந்தர் என்ற சோமாவின் பெயரை ஒட்டி அவை பின்னாளில் ‘அலெக்சாந்தர் நூல்கள்’ என்று அழைக்கப்பட்டன. ஒரு பண்பாட்டின் அறிஞர்கள் வெளியார் ஒருவருக்காகத் தம் அறிவைத் தொகுத்து வகுத்து எழுதிய அரிய ஆவணங்கள் அவை. ‘தகவலாளி’ என்று மொழியியலில் வழங்கும் சொல் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் ஆசிரியர்கள்.

1834இல் கல்கத்தாவில் அச்சான திபெத்திய ஆங்கில அகராதியின் முகப்புப் பக்கத்தில் ‘சான்ஸ்கரின் கற்றறிந்த லாமா’ ஒருவரின் உதவியோடு தொகுக்கப்பட்டது என்று பெயர் சொல்லிக் குறித்தார் சோமா. உலகம் சோமாவைத் திபெத்தியவியலின் தந்தை என்று கொண்டாடுகிறது. அவருடைய முகப்புப் பக்கமோ அப்பெருமையை இருவருக்குப் பங்கிட்டு வைத்திருக்கிறது. அப்பக்கத்தை முழுவதும் படித்தவர்கள் குறைவு.

ஊழியர் எழுதிய நூல்

1834இல் சோராவர் சிங்கின் டோக்ரா படை லடாக்கில் நுழைந்தது. சில ஆண்டுகளில் அரச மரபு அதிகாரம் இழந்தது. 1846க்குப் பின் லடாக் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பகுதியாயிற்று. 1870இல் பிரிட்டிஷ் அரசும் மகாராஜா ரன்பீர் சிங்கும் செய்த உடன்படிக்கையின்படி யார்க்கந்து வணிகப் பாதையைக் கண்காணிக்க இரு தரப்பிலும் இணை ஆணையர்கள் லேயில் அமர்த்தப்பட்டனர். பயணிகளின் இயல்பும் மாறியது. நில அளவையர், வேட்டையாடிகள், படை அதிகாரிகள் வரத் தொடங்கினர்.

ஐரோப்பியர் செல்ல இயலாத இடங்களுக்கு இந்தியரை மறைவாக அனுப்பியது நில அளவைத் துறை. 1863இல் லேயிலிருந்து யார்க்கந்து சென்ற முகம்மதே ஹமீத் அவர்களுள் முன்னோடி. திரும்பும் வழியில் அவர் இறந்தார். 1874இல் லேயிலிருந்து லாசா வழியாக அஸ்ஸாம் வரை நடந்த நயின் சிங் ராவத், குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். 108 மணிகளுக்குப் பதிலாக நூறு மணிகள் கோத்த செபமாலையால் தம் காலடிகளை எண்ணினார் என்பதைப் பலரும் அறிவர். அவரைக் காத்த மற்றொரு கருவி அவர் அறிந்திருந்த திபெத்தியம். வேடம் கண்ணை ஏமாற்றலாம். காதை ஏமாற்ற மொழி வேண்டும்.

இக்காலத்தின் மிக முக்கியமான குரல் லேயில் பிறந்த ஒருவருடையது. குலாம் ரசூல் கல்வான் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே வெள்ளைக்காரப் பயணிகளிடம் வேலைக்குச் சேர்ந்தார். யங்ஹஸ்பண்ட் உள்ளிட்ட பலரோடு காரகோரம், பாமிர், திபெத் பகுதிகளில் அலைந்தார். பின்னர் லேயில் பிரிட்டிஷ் இணை ஆணையரின் தலைமை உதவியாளராக உயர்ந்தார். அப்பதவியின் பெயர் ‘அக்சகால்’. துருக்கி மொழியில் வெண்தாடி, அதாவது ஊர்ப் பெரியவர் என்று பொருள். திபெத்தியக் குடும்ப மொழி பேசும் நகரில், சமஸ்தான ஆட்சியின்கீழ், பிரிட்டிஷ் அலுவலகத்தில், துருக்கிப் பெயரில் ஒரு பதவி இருந்தது.

1923இல் இங்கிலாந்தில் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பைச் சாகிபுகளின் ஊழியர் எனத் தமிழில் சொல்லலாம். அவரோடு பயணம் செய்த அமெரிக்கத் தம்பதியரின் தூண்டுதலால் அவர் எழுதியது அது. தொடக்கத்தில் மிகச் சில ஆங்கிலச் சொற்களையே அறிந்திருந்த அவர், ஆண்டுக்கணக்கில் முயன்று ஆங்கிலத்திலேயே எழுதினார். பதிப்பாசிரியர் அந்த ஆங்கிலத்தைப் பெரிதும் திருத்தாமல் விட்டார். இலக்கணப்படி பார்த்தால் பிழை மலிந்த நடைதான். அதன் வினை வடிவங்களிலும் சொல்வரிசையிலும் லேயின் கடைத்தெரு கேட்கிறது. சாகிபுகள் எழுதிய நூல்களில் ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியவர்கள் இந்நூலில் பசியும் பயமும் நகைச்சுவையும் கொண்ட மனிதர்களாக நடமாடுகின்றனர். கல்வான் என்ற பெயரை இன்று பலரும் ஓர் எல்லைப்புற ஆற்றின் பெயராகவும் 2020இல் நிகழ்ந்த மோதலின் பெயராகவும் மட்டுமே அறிவர். அந்த ஆற்றுக்குப் பெயர் தந்தவர் லேயின் ஓர் எழுத்தாளர்.

எழுத்தில் உறைந்த ஒலி

மொழியியல் மாணவருக்கு லே மற்றொரு காரணத்தாலும் முக்கியமானது. திபெத்திய எழுத்துமுறை ஏழாம் நூற்றாண்டு அளவில் உருவானது. அதன் எழுத்துக்கூட்டலில் சொல் முதலில் மெய்கள் அடுக்கி வரும். மருந்து என்னும் சொல் ‘ஸ்மன்’ என்று எழுதப்படும். லாசாவில் அது ‘மென்’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கிறது. லடாக்கில் இன்றும் ‘ஸ்மன்’தான். மூன்று என்னும் எண் ‘க்ஸும்’ என்று எழுதப்படும். லேயில் அது ‘ஸும்’. மேற்கே கார்கிலின் புரிக் பேச்சிலும் அதற்கப்பால் பால்தியிலும் முதல் மெய் அழியாமல் உரசொலியாக நிற்கிறது. லாசாவிலிருந்து மேற்கே செல்லச் செல்லப் பேச்சு பழைய எழுத்தை நெருங்குகிறது.

இதை முறையாகப் பதிவுசெய்தோர் மொராவியச் சபையின் மிஷனரிகள். ஹெய்ன்ரிஷ் யெஷ்கே லாஹௌலின் கேலாங்கில் பணியாற்றியவர்; லேயின் எதிர்க்கரையிலுள்ள ஸ்டோக் கிராமத்தில் சில மாதங்கள் தங்கிப் பேச்சு மொழியைக் கற்றவர். 1881இல் வெளிவந்த அவருடைய அகராதி வட்டார ஒலிப்பு வேறுபாடுகளைக் கருத்தில் கொண்டது. 1885இல் லேயிலும் மிஷன் நிலையம் ஏற்பட்டது. 1896இல் வந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே கல்வெட்டு, கேசர் கதைப்பாடல், பழமொழி, வரலாறு எனப் பலவற்றைத் திரட்டினார். 1904இல் கல்லச்சில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். திபெத்திய எழுத்தில் வெளிவந்த முதல் செய்தித்தாள்களுள் அதுவும் ஒன்று. அதன் பெயர் ‘லடாக்கி அக்பார்’ என்ற பொருளுடையது. செய்தித்தாளைக் குறிக்கத் திபெத்தியத்தில் சொல் இல்லாததால், அரபியிலிருந்து பாரசீக உருது வழியாகக் கடைத்தெருவுக்கு வந்த ‘அக்பார்’ திபெத்திய எழுத்தில் ஏறியது.

மக்கள் பேசும் லடாக்கியை எழுதலாமா, சமய நூல்களின் செவ்வியல் மொழியிலேயே எழுத வேண்டுமா என்ற விவாதம் இம்முயற்சிகளோடு கூர்மையடைந்தது. இரட்டைவழக்கோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இவ்விவாதத்தின் இரு பக்கங்களும் விளங்கும். எழுத்தைத் திருத்துவது மறைநூலைத் தொடுவதாகும் என்ற அச்சம் ஒரு பக்கம். பேச்சை எழுதாவிட்டால் குழந்தைகள் எழுத்தையே விட்டுவிடுவர் என்ற அச்சம் மறுபக்கம். மிஷனரிகளின் பணியும் தனியாக நடந்ததன்று. லேயைச் சேர்ந்த யோசேப் கெர்கன் பல்லாண்டுகள் உழைத்து முடித்த விவிலிய மொழிபெயர்ப்பு அவர் மறைவுக்குப் பின் 1948இல் அச்சானது. அவர் எழுதிய லடாக்கின் வரலாறு 1976இல்தான் வெளிவந்தது. அதே வரலாற்றைப் பற்றி ஃபிராங்கே ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1907லேயே உலகுக்குக் கிடைத்துவிட்டது.

இதில் ஒரு முரணும் உண்டு. எழுத்துக்கு மிக நெருங்கிய ஒலிப்பைக் காத்து வைத்திருக்கும் புரிக், பால்தி பேசுவோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்கள் நெடுங்காலமாகப் பாரசீக அரபு எழுத்தைச் சார்ந்தவர்கள். திபெத்திய எழுத்து பௌத்தரின் அடையாளமாகக் கருதப்படுகிறது. எழுத்து ஒரு சமூகத்திடமும் அவ்வெழுத்தின் ஒலி மற்றொரு சமூகத்திடமும் தங்கிவிட்டன.

விமானம் இறங்கிய பின்

1948 மே 24 அன்று மெஹர் சிங் ஓட்டி வந்த டகோட்டா விமானம், ஜெனரல் திம்மையாவுடன் லேயின் தற்காலிக ஓடுதளத்தில் இறங்கியது. அடுத்த ஆண்டு சீன ஆட்சி மாற்றத்தோடு யார்க்கந்துப் பாதை மூடியது. சில ஆண்டுகளில் லாசாப் பாதையும் அடைந்தது. 1960களின் தொடக்கத்தில் ஸ்ரீநகர் சாலை லேயை எட்டியது. நாற்சந்தியாக இருந்த ஊர் ஒரு பத்தாண்டுக்குள் எல்லைப்புற முனையாயிற்று. 1974இல் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது அது முதன்முறையாக முடிவிடமாயிற்று.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள்தொகை 2,74,289. அண்மை ஆண்டுகளில் ஓராண்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. தெசிதேரி ஸ்ரீநகரிலிருந்து நாற்பது நாள் நடந்து அடைந்த இடத்துக்கு இன்று டெல்லியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இன்றைய பயணிக்குத் துபாஷி தேவையில்லை. இந்தியும் ஆங்கிலமும் அவரைப் புரவலராகவே வரவேற்கின்றன. அவர் கற்கும் லடாக்கிச் சொல் பெரும்பாலும் ‘ஜூலே’ என்ற வணக்கம் ஒன்றுதான். இதற்காகப் பயணியைக் குறைகூறுவதில் பயனில்லை. மூர்கிராஃப்ட் இரண்டாண்டு தங்கியது லடாக்கின் மீதுள்ள அன்பினால் அன்று; வழி அடைபட்டதால். காத்திருப்புதான் மொழியைக் கற்பித்தது. இன்று காத்திருக்க வேண்டிய தேவை நீங்கிவிட்டது.

2025 ஜூனில் லடாக்கின் அலுவல் மொழிகளாக ஆங்கிலம், இந்தி, உருது ஆகியவற்றோடு போத்தி, புர்கி ஆகியனவும் அறிவிக்கப்பட்டன. நெடுநாள் கோரிக்கைக்குக் கிடைத்த ஏற்பு இது. ஆயினும் போத்தி என்னும் பெயர் மடாலயத்தின் செவ்வியல் எழுத்து மொழியைக் குறிக்கிறதா, லேயின் கடைத்தெருவில் பேசப்படுவதைக் குறிக்கிறதா என்ற பழைய கேள்வி அறிவிப்போடு தீர்ந்துவிடவில்லை. பாடநூலை எந்த மொழியில் எழுதுவது என்று முடிவுசெய்யும் ஒவ்வோர் ஆசிரியரும் அதை எதிர்கொள்வார்.

பட்டியலை மீண்டும் எழுத வேண்டும் என்றால், புதிய ஆவணங்கள் எதையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சங்ஸ்க்யே புன்ட்சோக்கின் பெயர் முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. இஸ்ஸத்துல்லாவின் பயணக் குறிப்பு அச்சில் இருக்கிறது. கல்வானின் நூல் அவருடைய பெயரிலேயே வெளிவந்திருக்கிறது. அவற்றைத் துணைச் சான்றுகளாக அல்லாமல் முதல் நூல்களாகப் படிக்கும் பழக்கமே தேவைப்படுகிறது. பயண இலக்கியம், மொழியியல் வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வைத் தொடங்கும் மாணவர் ஒரு நூலை எடுத்தவுடன், இதன் ஆசிரியருக்காகப் பேசியவர் யார் என்ற கேள்வியை முதலில் கேட்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.

விமானத்தில் லே வந்து இறங்குவோர் முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது இன்றும் மருத்துவ அறிவுரை. ஹைதர் துக்லத் பெயரிட்ட தம்கிரி வேகத்துக்கு இணங்கவில்லை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய காத்திருப்பில் எஞ்சியது அந்த இரண்டு நாள். அறையை விட்டு அதிகம் நகர முடியாத அப்பொழுதில், தேநீர் கொண்டுவருபவர் மருந்தை ‘ஸ்மன்’ என்று சொல்வதைக் கேட்க நேர்ந்தால், ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழமையான ஓர் எழுத்துக்கூட்டல் அங்கே இன்னும் ஒலியாக உயிர்வாழ்வதைக் கேட்டவராவார் அந்தப் பயணி.